அடைமழையில் கரண்ட் இல்லாத வீடு: குளிர் ஏறாமல், அழுக்குச் சேராமல் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் பாண்டியிலும் வீட்டைச் சூடாக்க யாரும் ஹீட்டர் வாங்குவதில்லை, வாங்கத் தேவையும் இல்லை. மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் கார்த்திகை மாத அடைமழையில் மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் இருக்கும் வயதான ஆயாவின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். கைக்குழந்தை காரணம் தெரியாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கும். இங்கே குளிர் என்பது தெர்மாமீட்டரில் தெரிவதில்லை. அது ஈரம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிக வேகத்தில் இழுத்துவிடும், போதாததற்கு உடம்பில் கிடக்கும் ஈரத்துணி தான் காய்வதற்கான சூட்டையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் உலர்த்துங்கள், அப்புறம் சூடு பற்றி யோசியுங்கள். வீடு உலர்ந்தால் பாதிச் சுத்தம் தானாக வந்துவிடும்.

எத்தனை நாளுக்குத் தயாராவது? தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் வரிசையாக விழுந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியதில் ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அது ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளில் ஏறியது. ஆகவே ஒரு வாரம் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, வெயில் வராது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்களும், பெண்ணை, கெடிலம் கரையோரம் இருப்பவர்களும் பத்து நாளாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்ய வேண்டியது

புரட்டாசி வெயில் இருக்கும்போதே கம்பளி, போர்வை, ஜமுக்காளம், தலையணை எல்லாவற்றையும் மாடியில் போட்டுக் காய வையுங்கள். காய்ந்ததும் சூட்டோடு மடித்து உறையில் போடக்கூடாது, நிழலில் ஆற விட்டுத்தான் போட வேண்டும். சூடாகப் போட்டால் உறைக்குள்ளேயே வியர்த்து, தேவைப்படும் நாளில் பிரிக்கும்போது முடைநாற்றம் வரும்.

வீட்டில் ஆளுக்கு ஒரு மூட்டை தயார் செய்யுங்கள். ஒரு முழு உடை, இரண்டு உள்ளாடை, ஒரு துண்டு, ஒரு போர்வை, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கூடவே காலுறை, குல்லா. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இதற்கு ரொம்ப நல்லது, புதுப் போர்வை வாங்கும்போது வருவதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மூட்டைகளை மூடியுள்ள டிரம்மிலோ பரணிலோ ஏற்றிவிடுங்கள். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாங்கியதைத் துவைத்துக் காயவைத்த பிறகுதான் பிள்ளைக்குப் போட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், குளிக்க, கழுவ 15 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு நாளுக்கு 100 லிட்டர் ஆகிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிட்டு அண்டா, குடம், டிரம், குக்கர் எதையும் விடாமல் நிரப்புங்கள். மாற்று சிலிண்டர் கையில் இருக்கட்டும். தீப்பெட்டியை மூடி இறுக்கமான டிபன் பாக்ஸில் போட்டுவிடுங்கள், அடைமழையில் முதலில் நமத்துப்போவது அதுதான்.

ஒரே அறையைத் தேர்ந்தெடுங்கள்

வீடு முழுக்கக் கதகதப்பாக வைக்க முடியாது, ஒரு அறையை வைக்க முடியும். வாடைக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது, கடல் கிழக்கில் இருக்கிறது. ஆகவே வீட்டின் தெற்கு அல்லது மேற்குப் பக்கத்தில், வெளிச்சுவர் குறைவாக உள்ள அறையில் ராத்திரி எல்லோரும் ஒன்றாகப் படுங்கள். சும்மா படுத்திருக்கும் ஒரு பெரிய ஆளின் உடம்பு கிட்டத்தட்ட ஒரு பழைய 75 வாட்ஸ் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விடுகிறது, பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேர் படுத்தாலே வித்தியாசம் தெரியும்.

வடக்குப் பக்க ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவையைப் பட்டையாகக் கிழித்துத் திணியுங்கள். கதவடியில் சாக்கைச் சுருட்டி வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள், தெற்கு ஜன்னலின் மேல் கதவு ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும். ஐந்து பேர் மூச்சு, சமையல் ஆவி, ஈரத்துணி எல்லாம் சேர்ந்தால் சுவரே வியர்க்கும், நாலாம் நாள் பீரோ பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கப்புறம் வீசிங் உள்ள பிள்ளை தூங்காது. காற்று நேராக ஆள்மேல் வீசக்கூடாது, அறையை விட்டு ஈரம் வெளியேறவும் வேண்டும். இரண்டும் நடக்க அந்த ஒரு சாண் போதும்.

புயல் கடக்கும் ராத்திரிக்கு மட்டும் இது பொருந்தாது, அப்போது எல்லாமே மூடியிருக்க வேண்டும். நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் புயலின் கண் மேலே நிற்கிறது என்று அர்த்தம், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அந்த இடைவெளியில் கதவைத் திறந்து வெளியே போக வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை வீட்டில் விடிகாலையில் கூரையின் உட்பக்கம் ஈரம் கோத்துச் சொட்டும். படுக்கைக்கு மேலே மட்டும் ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிட்டால் சொட்டுவது ஓரமாக வழிந்துவிடும், சூடும் கொஞ்சம் கீழேயே நிற்கும்.

படுக்கை

நம் வீடுகளில் குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. டைல்ஸ், மொசைக், சிமெண்ட் எதுவானாலும் சரி. மேலே இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு கீழே ஒரே ஒரு பாயில் படுத்தால் முதுகு ராத்திரி முழுக்கத் தரைக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும்.

அடுக்கும் முறை இது. தரையைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு முதலில் தார்ப்பாய் அல்லது பழைய பிளக்ஸ் பேனர், இது தரையின் ஈரத்தைத் தடுக்கும். அதன் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்புங்கள். டிவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அட்டை என்றால் இன்னும் நல்லது, அதன் நெளிவுக்குள் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அட்டை இல்லையென்றால் செய்தித்தாள் பத்துப் பன்னிரண்டு தாள் கனத்துக்கு. அப்புறம் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம், கடைசியாக நாலாய் மடித்த பழைய நூல் புடவை. சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், மழையில் ஊறிய சுவர் பக்கத்தில் படுப்பவர் தோளில் வலியோடுதான் எழுந்திருப்பார்.

காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டி எழுப்பி, தார்ப்பாயின் மேல்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் பிசுபிசுத்தால் அட்டையையும் பாயையும் சுவரோரம் நிறுத்திப் பகலெல்லாம் காற்றாட விடுங்கள். பகலிலும் அப்படியே விரித்துக் கிடக்கும் படுக்கை மூன்று நாளில் நாறும். ராத்திரி விரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் உதறுங்கள், வெள்ள நாட்களில் பாம்பும் பூரானும் உலர்ந்த இடம் தேடித்தான் வீட்டுக்குள் வருகின்றன.

நாடாக் கட்டிலில் படுப்பவர்களுக்குக் கீழிருந்து காற்று நேராக ஏறும், அவர்களுக்கும் அட்டையும் பாயும் கட்டாயம். போர்த்திக்கொள்ள ஒரு கனத்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை மேல்: உடம்பை ஒட்டி நூல் போர்வை, அதன் மேல் கம்பளி. பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொள்ளக்கூடாது, உள்ளே வியர்த்து நனைந்துவிடும். கொசுவலை கட்டினால் கொசுவும் வராது, காற்றும் கொஞ்சம் மட்டுப்படும்.

பகல் துணி வேறு, ராத்திரித் துணி வேறு

இதை மட்டும் வீட்டில் சட்டமாகவே வையுங்கள். மூட்டையில் இருக்கும் காய்ந்த துணி ராத்திரிக்கு மட்டும். படுக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு, காலையில் கழற்றி மடித்து உறையில் வைத்துவிட்டு, பகலில் கொஞ்சம் நமத்துப்போன துணியைப் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, நடமாடும் சூட்டில் அது தாங்கும். அசையாமல் படுத்திருக்கும் எட்டு மணி நேரம்தான் ஈரம் வேலையைக் காட்டும்.

வெளியே போய் வருபவர் வாசலிலேயே நனைந்ததைக் கழற்ற வேண்டும். பால் வாங்க, மாட்டைப் பார்க்க, தெருத் தண்ணீரில் இறங்க என்று ஒரு நாளில் நாலு முறை போய் வருகிறோம், ஒவ்வொரு முறையும் ஈரத்தைக் கூடம் வரை கொண்டுவந்தால் வீடு எப்படிக் காயும்? வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, சாக்கு, ஒரு பழைய துண்டு. காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்துவிட்டுத்தான் உள்ளே. தெருவில் நிற்பது எலி மூத்திரம் கலந்த தண்ணீர். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். வெள்ளத்தில் நடந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெள்ளத்தில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெந்நீரும் குளியலும்

கீசர் இல்லை என்றதும் பலர் குளியலையே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது கேஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை. மூடி போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் போகும். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் கொதிநீர் வைத்தாலும் ஐந்து பேருக்கு 150 கிராம், சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ. மூடி போடுவதை மட்டும் மறக்க வேண்டாம்.

விளாவும் அளவு: ஒரு சொம்பு கொதிநீருக்கு நாலு சொம்பு பச்சைத் தண்ணீர் என்றால் பெரியவர்களுக்கு ஏற்ற 40 டிகிரி. சின்னக் குழந்தைக்கு ஐந்து சொம்பு, 37, 38 டிகிரியில் நிற்கும். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி அதன் மேல்தான் கொதிநீர். மாற்றிச் செய்தால் இருட்டில் தவழ்ந்து வரும் பிள்ளை கொதிநீர் வாளியில் கை வைத்துவிடும். கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பாருங்கள், விரல் சூடு தாங்கும், முழங்கை சரியாகச் சொல்லும்.

குளிக்க நல்ல நேரம் பகல் 12 முதல் 2 வரை. பிள்ளையைக் குளிப்பாட்டும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் குளிர் ஏறும். காய்ந்த துண்டு, மாற்றுத் துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகே சட்டையைக் கழற்ற வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டப்பில் நிற்க வையுங்கள், அப்போது குளித்த தண்ணீர் வீணாகாமல் கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். முதலில் முகம், அப்புறம் கழுத்து மடிப்பு, அக்குள், முதுகு, கடைசியாகத் தொடையிடுக்கு, கால். தலைக்கு ஊற்ற வேண்டாம், மழை விட்ட ஒரு பகலில் ஊற்றிக்கொள்ளலாம். கடைசிச் சொம்பு ஊற்றிய கையோடு துண்டால் போர்த்திவிட்டுத்தான் துடைக்க ஆரம்பிக்க வேண்டும், அம்மணமாக நிறுத்தி மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டு வந்தால் கால் வருவதற்குள் பல் தந்தியடிக்கும். காது மடலுக்குப் பின்னால், விரலிடுக்கு, தொடை மடிப்பு, இந்த மூன்றிலும் ஈரம் நிற்கக்கூடாது.

தினமும் முழுக்குளியல் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், நடுவில் ஒரு சொம்பு வெந்நீரில் துணியை நனைத்து முகம், அக்குள், இடுக்கு, கால் துடைத்தால் சுத்தம்தான். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்குக் கூடுதலாக அரை வாளி வெந்நீரும் கதவு மூடும் இடமும் கேட்காமலே ஒதுக்க வேண்டும், துணி பயன்படுத்துபவர்களின் துணி மற்ற துணிக்கு அடியில் மறைந்து கிடந்து காயாமல் போகக்கூடாது. நீளமான கூந்தல் உள்ளவர்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தலைக்குக் குளித்தால் ராத்திரி தலையணையே நனையும், தவிர்த்துவிடுங்கள்.

மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முதல் கால் மணி நேர மழை மாடித் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும், அதற்குப் பின் பிடிப்பது குளிக்க, துவைக்க அருமையான தண்ணீர். கடலோரத்து போர்வெல் உப்புத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு இதில் நன்றாக நுரைக்கும்.

துணி துவைத்துக் காயவைப்பது

மழைக்காலத்தில் வீட்டைத் தோற்கடிப்பது துணிதான். முதல் விதி, குறைவாக நனையுங்கள். ஜீன்ஸ், பெட்ஷீட், கனத்த டவல் எதையும் இந்த வாரம் துவைக்க வேண்டாம். உள்ளாடை, குழந்தைத் துணி, மாதவிடாய்த் துணி, இவை தினமும். மற்றவை மூன்று நாளுக்கு ஒருமுறை.

பிழிவதில்தான் பாதி காய்கிறது. கையால் முறுக்கிப் பிழிந்த துணியை ஒரு காய்ந்த துண்டின் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலை ஊன்றி நாலு அழுத்து அழுத்துங்கள். துண்டு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், சட்டை பாதி காய்ந்து வெளியே வரும். துண்டைத் தனியாகப் பிழிந்து போட்டுவிடலாம். இதைச் செய்த துணிக்கும் செய்யாத துணிக்கும் காய்வதில் கிட்டத்தட்ட ஒரு நாள் வித்தியாசம் வரும்.

கொடியைப் படுக்கும் அறையில் கட்டாதீர்கள். காற்று ஊடே போகும் நடையிலோ தாழ்வாரத்திலோ கட்டி, துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சட்டையை ஹேங்கரில், பேண்டை உள்பக்கம் வெளியே திருப்பி. மாடியில் கடற்காற்றில் ராத்திரி முழுக்கக் கிடந்த துணி எத்தனை நாள் போட்டாலும் பிசுபிசுவென்றே இருக்கும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால்தான் அது காயும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம் மாதிரி கரையோரக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழந்தைத் துணிக்கு நம் ஆயாக்கள் செய்வது இன்றைக்கும் நல்ல வழி. திண்ணையில் சட்டியில் கரிக் கங்கு போட்டு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் சின்னத் துணிகளைப் பரப்பிப் புரட்டிப் புரட்டி எடுப்பார்கள். கங்கு புகையில்லாமல் சிவந்த பிறகு வையுங்கள், திறந்த திண்ணையில் மட்டும் வையுங்கள், ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். தெருவில் இஸ்திரி வண்டி வந்தால் உள்ளாடைகளைக்கூடக் கொடுத்து எடுங்கள், கரிப்பெட்டிச் சூட்டில் ஈரமும் போகும், படர்தாமரைக் கிருமியும் குறையும். ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு படர்தாமரை வந்தபின் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அது அடங்குவதுபோல் அடங்கி இரண்டு மடங்காகப் பரவும். சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்ந்த கால்தான்.

கைக்குழந்தை

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. உங்கள் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் கவலையில்லை. வயிறு வெதுவெதுப்பாக, பாதம் ஜில்லென்று இருந்தால் குளிர் ஏற ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே ஜில்லென்று இருந்தால் அது ஆபத்து, உடனே சூடேற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சூடேற்ற அம்மாவின் நெஞ்சைவிட நல்ல கருவி கிடையாது. குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் நாப்கினும் மட்டும் போட்டு, அம்மாவின் மார்போடு தோல் படும்படி நிமிர்த்தி அணைத்து, இருவரையும் சேர்த்துப் புடவையாலும் போர்வையாலும் சுற்றிவிடுங்கள். முகம் மூடக்கூடாது, மூக்கு எப்போதும் வெளியே தெரிய வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலேயே இதைத்தான் செய்கிறார்கள். அப்பாவும் செய்யலாம், அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், குழந்தை தன் சூட்டை அதிலிருந்துதான் உண்டாக்குகிறது.

பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே கூடாது. அதற்குப் பிறகும் மழை நாளில் துடைத்துவிட்டால் போதும். புடவைத் தொட்டிலில் நனைந்தது தெரியாமல் கிடக்கும், ஆகவே நாலாய் மடித்த பழைய வேட்டித் துண்டுகளை அடியில் வைத்து, அழுதாலும் அழாவிட்டாலும் தொட்டுப் பார்த்து மாற்றுங்கள். தலைமுடி காய சாம்பிராணிப் புகை காட்டுவதை விட்டுவிடுங்கள், அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை ஆகாது. ஒரு மூடி பிராந்தி தடவினால், நாக்கில் வைத்தால் சளி பிடிக்காது என்று பாண்டிப் பக்கம் இன்னும் சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாராயம் எதுவானாலும் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும், பெரியவர்களுக்கும் அதே கதைதான்.

பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, அழுகை சன்னமாவது, மூச்சு வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108 வர முடியாத அளவு தண்ணீர் நின்றால் 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், படகு இருக்கும்.

வயதானவர்கள்

வயதானவர்கள் குளிர்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைப்பார்கள், பலருக்குக் குளிர் உறைப்பதும் குறைந்துவிடும். ராத்திரி கழிப்பறைக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். படுக்கை அருகே மூடியுள்ள வாளியோ பெட்பேனோ வைத்துவிட்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீங்களே முதலில் பேசிவிடுங்கள். ஃபிளாஸ்கில் சுக்கு வெந்நீர், கைக்கெட்டும் இடத்தில் டார்ச்.

காதை மூடும் குல்லா, காலுறை, முழுக்கைச் சட்டை. படுப்பதற்கு அரை மணி நேரம் முன் தவிட்டையோ கல்லுப்பையோ வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து படுக்கைக்குள் கால்மாட்டில் வையுங்கள், அவர் படுக்க வரும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதையும் வெந்நீர்ப் பையையும் காலோடு ஒட்டவே வைக்கக்கூடாது. பாதம் மரத்திருப்பதால் சுட்டதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும், பிறகு அது ஆறாது. பகலில் மணிக்கொருமுறை எழுப்பி நாலு எட்டு நடக்க வையுங்கள். சூடாக மிளகு ரசமும் குழைந்த சாதமும், ராத்திரிக்குக் கஞ்சி. வெறும் வயிற்றில் படுப்பவருக்கு எத்தனை போர்வை போட்டாலும் ஏறாது. குளிரில் பிரஷர் ஏறும், மாத்திரை ஒரு வேளையும் தவறக்கூடாது. பேச்சு குழறினாலோ, தூக்கம் கலையாமல் மந்தமாகக் கிடந்தாலோ, வயிறே சில்லிட்டிருந்தாலோ அசதி என்று விட்டுவிடாதீர்கள்.

நெருப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்

கதவை அடைத்த அறையில் கரியடுப்பு, கங்குச் சட்டி, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான், குடும்பம் மொத்தமும் எழுந்திருக்காது. கேஸ் அடுப்பைச் சூட்டுக்காக எரியவிடுவதும் கூடாது, சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வாட்டர் ஹீட்டர் ராடு கரண்ட் வந்து வந்து போகும் வீட்டில், அதுவும் ஈரத் தரையில், வேண்டவே வேண்டாம்.

குடிநீர், கழிப்பறை

கலங்கிய தண்ணீரைத் தெளியவிட்டு, நாலாய் மடித்த நூல் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். சுகாதாரத் துறையினர் தரும் அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் குடத்துக்கு, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலம். இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

தெருத் தண்ணீர் ஏறினால் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிப்பறை வழியாகவே உள்ளே பொங்கும். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையைப் பேசினில் அழுத்தி வையுங்கள், மூடியுள்ள ஒரு வாளியில் கனத்த பிளாஸ்டிக் பை விரித்து, போன பிறகு ஒவ்வொரு முறையும் அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ தூவுங்கள். கை கழுவச் சோப்பு அங்கேயே தொங்க வேண்டும், பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டினால் கரையாமலும் தொலையாமலும் இருக்கும்.

தண்ணீர் உள்ளே வந்து வடிந்த பிறகு

சேறு காய்வதற்குள் தள்ளுங்கள், காய்ந்தால் மண்வெட்டி தேவைப்படும். மேலிருந்து கீழே: முதலில் சுவர், பிறகு அலமாரி, கடைசியில் தரை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பின்தான் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. அதோடு ஆசிட்டையோ ஃபினாயிலையோ சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். கையுறை, செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். சாக்கடைத் தண்ணீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் இனி உதவாது, மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பாய், ஜமுக்காளம் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தால் மீளும்.

கரண்ட் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டதும் மெயினைப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் தொட்ட பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றையும் எலக்ட்ரீஷியன் கழற்றித் துடைத்துக் காட்டிய பிறகே போட வேண்டும். முதலில் கூடத்து ஃபேன், எல்லா ஜன்னலும் திறந்த நிலையில், ஒரு பகல் முழுக்க ஓடட்டும். மோட்டார் போடுவதற்கு முன் கீழ்த்தொட்டியை இறைத்துக் கழுவுங்கள், இல்லையென்றால் சேற்றுத் தண்ணீர் மேல்தொட்டிக்கும் குழாய்களுக்கும் போய்விடும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தண்ணீரில் நின்றிருந்தால் மெக்கானிக் பார்க்கும் வரை பிளக்கைச் சொருக வேண்டாம்.